வெள்ளரிக்காரி ஊற்றிய தண்ணீர்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் தானியேல் டிரைவராக ஏறிய முதல் நாள், அவனுடைய தெரு ஜனம் பாதிப்பேர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றார்கள். அவன் அப்பா சாமுவேல் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அன்றைக்கு வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே ஏறி உட்காரச் சொன்னபோது மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். வெளியே நின்றபடி வண்டியின் முன்பக்கத் தகட்டை உள்ளங்கையால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார், சந்தையில் மாடு பிடிக்கிறவர் தொடுவதுபோல. அவ்வளவுதான். பஸ் கிளம்பும்போது திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போய்விட்டார். கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்கத்தான் அப்படிப் போனார் என்று தானியேலின் மனைவி பாக்கியமேரி பின்னால் சொன்னாள்.

தானியேலுக்கு அப்போது இருபத்தேழு வயது இருக்கும். காஞ்சிபுரத்தில் அரிசி மில் லாரி ஒன்றில் கிளீனராகச் சேர்ந்து, அதே லாரியை ஓட்டப் பழகி, பெரிய வண்டிக்கு லைசென்ஸும் பேட்ஜும் வாங்கியிருந்தான். லாரியில் வருமானம் மோசமில்லை. ஆனாலும் லாரிக்காரனை யாருக்குத் தெரியும்? பஸ் டிரைவர் என்றால் வழியிலுள்ள ஊரெல்லாம் முகம் தெரிந்து வைத்திருக்கும். நிலத்துக்காரர்கூடக் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லித்தான் ஏற வேண்டும். அந்த ஆசையில்தான் முதலாளி சொன்ன எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டினான்.

முதலாளி சொன்னது இதுதான். புது டிரைவருக்கு ஆறு மாசம் வரை பாதிச் சம்பளம். படி கிடையாது. வாரத்தில் ஒருநாள் லீவு என்பதெல்லாம் நிரந்தரமான பிறகு. இந்த ஆறு மாசத்தில் ஒரு புகாரும் வராமல் ஓட்டினால் நிரந்தரம். வந்தால் நீ யாரோ, நான் யாரோ.

வேலை நேரத்தைப் பற்றி முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. தானியேலும் கேட்கவில்லை. அது வண்டியில் ஏறிய பிறகுதான் புரிந்தது. விடியும் முன் முதல் வண்டியை எடுப்பவனும் அவன்தான், கடைசி வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டில் விடுபவனும் அவன்தான். பழைய டிரைவர்கள் பகலில் ஒருவரை ஒருவர் மாற்றிக்கொள்வார்கள். புதுசாக வந்தவனை மாற்றிவிட ஆள் இல்லை. பழையவர்கள் வேண்டாம் என்று தள்ளிய டிரிப்புகளும் அவன் தலையில்தான் விழுந்தன.

அது மட்டுமென்றால்கூடச் சமாளித்திருப்பான். அதே ரோட்டில் இன்னொரு கம்பெனி பஸ்ஸும் ஓடியது. எந்த வண்டி முன்னால் போகிறதோ அதற்குத்தான் ஜனம் கிடைக்கும். அதனால் உத்திரமேரூர் ஸ்டாண்டுக்குள் வந்ததும் டிரைவர் இறங்கி ஓடி டைம்கீப்பரிடம் கையெழுத்துப் போட வேண்டும், திரும்ப ஓடி வந்து வண்டியைத் திருப்ப வேண்டும், கிளம்ப வேண்டும். டைம்கீப்பர் முத்துகிருஷ்ணன் முதலாளிக்கு தூரத்து உறவு, சொந்தமாக நஞ்சை உள்ள குடும்பம். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நிமிஷம் தாமதம் என்றாலும் அவன் முகம் மாறிவிடும். ஏனென்றால் அவனைக் கேட்பவர் முதலாளி.

சேர்ந்த புதிதில் ஒருநாள் மாகறல் தாண்டி, பனைமரங்கள் இருக்கும் இடத்தில் தானியேல் வண்டியை ஓரம் கட்டி இறங்கினான். அவசரம். அவன் திரும்பி வருவதற்குள் பின்னால் வந்த அந்தக் கம்பெனி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போயிற்று. அடுத்த நிறுத்தங்களில் நின்றிருந்த ஜனத்தையெல்லாம் அதுவே வாரிக்கொண்டது. அன்றைக்குச் சம்பளம் கிடையாது என்றார் முதலாளி. இன்னொரு தடவை நின்றால் அது புகார், ஞாபகம் வைத்துக்கொள் என்றும் சொன்னார்.

அந்தக் கோடையில் அவனுக்கு நீர்க்கடுப்பு கண்டது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே இன்ஜின். அதன் சூடு நாளெல்லாம் இடது தொடையில் வந்து அடித்துக்கொண்டிருக்கும். சீனியர் டிரைவர் பாண்டுரங்கனிடம் கேட்டான். பாண்டுரங்கன் டீக்கடையில் உட்கார்ந்தால் மெட்ராஸில் சங்கம் எப்படி நடக்கிறது, எட்டு மணி நேரம் என்றால் என்ன என்றெல்லாம் பேசுகிறவர். அவர் சொன்ன வைத்தியம் இது.

"தண்ணி குடிக்காத. குடிச்சாத்தான வரும்? நாங்கெல்லாம் அப்பிடித்தான் ஓட்டிக்கினு கீறோம்."

தானியேல் அப்படியே செய்தான். கடுப்பு இன்னும் அதிகமாயிற்று.

வைகாசி மாசம் காஞ்சிபுரத்தில் கருட சேவை. அன்று உத்திரமேரூர், சுற்று கிராமங்கள் எல்லாம் காஞ்சிபுரத்தில்தான் இருக்கும். விடியும் முன்பே வண்டி நிறைந்துவிட்டது. கூரை மேல்கூட ஆள். போய் இறக்கிவிட்டு, வெற்று வண்டியாகத் திரும்பி வந்து, மறுபடி ஏற்றிக்கொண்டு போய், இப்படியே மத்தியானமாயிற்று. தரிசனம் முடித்து ஊர் திரும்பும் கூட்டம் ஆரம்பித்தபோது தானியேலுக்கு அடிவயிற்றில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. காஞ்சிபுரம் ஸ்டாண்டில் இறங்கப் பார்த்தான். கதவைச் சுற்றிலும் ஜனம் நெருக்கிக்கொண்டு நின்றது, கண்டக்டர் பச்சமுத்து அதற்குள் விசில் கொடுத்துவிட்டான்.

ஓரிக்கை தாண்டிப் பாலாற்றைக் கடந்ததும் தானியேல் தலையைத் திருப்பி, கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன் என்று பச்சமுத்துவிடம் கெஞ்சினான். பின்னால் அந்தக் கம்பெனி வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று பச்சமுத்து சொன்னான். மாகறலில் நிறுத்தியபோது மறுபடி கேட்டான். அங்கே ஏறிய கூட்டத்தில் அவன் கேட்டது பச்சமுத்துவின் காதில் விழுந்ததோ இல்லையோ, விசில் மட்டும் வந்தது. பனைமரங்கள் வந்தன. கால் பிரேக்குக்குப் போயிற்று. ஒரு நாள் சம்பளம், ஒரு புகார், வெளுத்த வேட்டியில் நின்ற அப்பா, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. காலை எடுத்துவிட்டான்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு பள்ளம். வண்டி குலுங்கிற்று. அங்கேதான் அது நடந்தது. அவனால் தடுக்க முடியவில்லை. முதலில் சூடாக இருந்தது, பிறகு வலி அடங்கிற்று. ஒரு கணம் அப்பாடா என்று இருந்ததை நினைத்துத்தான் அவன் பிறகு நெடுநாள் கூசினான். காக்கிக் கால்சட்டையின் முன்பக்கம் முழுவதும் கறுத்துவிட்டது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டம். வண்டி நின்றது, ஜனம் இறங்கிற்று. இறங்கிய இடத்தைப் பிடிக்க வேறு ஜனம் முண்டிற்று. தானியேல் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இறங்கி நடந்தால் டைம்கீப்பர் ரூம் வரைக்கும் அத்தனை பேர் நடுவில் நடக்க வேண்டும். அவன் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வேறு கூட்டத்தில் நின்றிருந்தார்கள். ரூம் வாசலிலிருந்து முத்துகிருஷ்ணன் கையைத் தட்டிக் கூப்பிட்டான். தானியேல் கேளாதவன் மாதிரி முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். முத்துகிருஷ்ணன் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு வண்டியை நோக்கி வர ஆரம்பித்தான்.

அந்தச் சமயத்தில்தான் செல்லாயி டிரைவர் பக்கத்துக் கதவருகே வந்தாள். செல்லாயி பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள். புருஷன் இல்லை. தலையில் கூடை, இடுப்பில் ஒரு சின்னக் குடம். பிஞ்சு வாடாமல் இருக்கக் குடத்துத் தண்ணீரை அவ்வப்போது கையில் அள்ளித் தெளித்துக்கொண்டே விற்பாள். தானியேலை டைவர் தம்பி என்று கூப்பிடுவாள், அவன் அக்கா என்பான். அதற்கு மேல் பழக்கமில்லை.

"இன்னா தம்பி, எறங்காம குந்திக்கினு கீற? மூஞ்சி வெளுத்துப் போய்க்கீது" என்றாள்.

அவள் கண் கீழே போயிற்று. பார்த்துவிட்டாள். பின்னால் திரும்பி, முத்துகிருஷ்ணன் எவ்வளவு தூரத்தில் வருகிறான் என்றும் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள். குடத்தை இடுப்பிலிருந்து எடுத்தவள், ஜன்னல் வழியாக அப்படியே அவன் மடியில் கவிழ்த்துவிட்டாள்.

"ஐயையோ, கை வயுக்கிட்ச்சே" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

ஜனம் திரும்பிப் பார்த்தது. டிரைவர் மார்பிலிருந்து முழங்கால் வரை நனைந்து உட்கார்ந்திருந்தான். சிரித்தார்கள். திருவிழாவுக்குப் போய்வந்த சிரிப்பு, கெட்ட சிரிப்பில்லை. தானியேலுக்கு அவள் செய்தது நொடியில் புரிந்துவிட்டது. புரிந்தும், அத்தனை முகமும் தன்னைப் பார்க்கிறதே என்ற பதற்றத்தில், கை வழுக்கியதாக அவள் சொன்னதை எல்லோரும் நம்ப வேண்டுமே என்ற பயத்தில், கதவைத் திறந்து குதித்து அவள் மேல் பாய்ந்தான்.

"கண்ணு அவிஞ்சி பூட்ச்சா ஒனக்கு? கயித. பிச்சக்காரக் கயித. டூட்டில கீறவன் மேல தண்ணி ஊத்துற?"

செல்லாயி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதற்குள் முத்துகிருஷ்ணன் வந்துவிட்டான். சீட்டெல்லாம் ஈரம், கம்பெனி டிரைவர் ஈரம், வண்டி கிளம்ப நேரமாகிவிட்டது. கோபத்தில் அவன் காலால் தள்ளியதில் கூடை உருண்டது. வெள்ளரிப்பிஞ்சுகள் ஜனத்தின் காலடியில் சிதறின. இனிமேல் ஸ்டாண்டுக்குள் உன்னைப் பார்க்கக் கூடாது என்று அவளை விரட்டினான். அவள் குனிந்து அகப்பட்டதைப் பொறுக்கினாள். எழுந்தபோது தானியேலை ஒருதரம் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்த பார்வை அது. தானியேல் சட்டையைப் பிழிந்துகொண்டே கையெழுத்துப் போட நடந்தான்.

மறுநாளிலிருந்து செல்லாயி ஸ்டாண்டில் இல்லை. கொஞ்ச நாள் கழித்து ஏரிக்கரை ரோட்டில், நிழல் இல்லாத இடத்தில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில் எந்த வண்டியும் நிற்காது. மாட்டு வண்டிக்காரர்கள் யாராவது வாங்கினால் உண்டு. தானியேல் ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த ரோட்டில் போய்வர வேண்டுமோ அத்தனை முறையும் அவளைக் கடந்து போனான். அவள் பஸ்ஸை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவன்தான் அந்த இடம் வரும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்ப்பான். அவன் ஓட்டும் வண்டி கிளப்பிய புழுதி அவள் பிஞ்சுகள் மேல் படிவதை மட்டும் கண்ணாடியில் பார்ப்பான்.

மூத்திரம் போனது யாருக்கும் தெரியவில்லை. அவள் நினைத்தபடியே அது மறைந்துவிட்டது. டிரைவர் மேல் வெள்ளரிக்காரி தண்ணீரைக் கொட்டிவிட்டாள் என்பதுதான் ஊருக்குள் கதை. பாண்டுரங்கன்கூட டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரித்தார், உடம்புச் சூட்டுக்கு நல்லதுதான் என்று. தானியேலும் சிரித்தான். சிரித்துவிட்டு வண்டிக்கு வந்து உட்கார்ந்தால், அடுத்தவன் சோற்றைப் பிடுங்கித் தின்ற மாதிரி இருந்தது அவனுக்கு.

ஒருநாள் வண்டியின் பின்பக்க ஸ்பிரிங் முறிந்து, பட்டறையில் நின்றுவிட்டது. பல வாரங்களுக்குப் பிறகு தானியேல் பகலில் வீட்டில் இருந்தான். பாக்கியமேரி நடவுக்குப் போகாமல், இவன் இருக்கிறானே என்று கருவாட்டுக் குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது, அந்த வெள்ளரிக்காரி ஏரிக்கரையில் வெயிலில் உட்கார்ந்து மயங்கி விழுந்துவிட்டாளாம், நடவுக்குப் போன பெண்கள் தூக்கி நிழலில் போட்டார்களாம் என்று சொன்னாள். தானியேலின் கை தட்டில் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அன்றைக்கு அவள் தண்ணீர் ஊற்றியது, என்று ஆரம்பித்து, நிறுத்தினான்.

பாக்கியமேரி அவனைப் பார்க்காமல் குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்குக் கால்சட்டைய தொவைச்சவ நானு. கொடத்துத் தண்ணிக்கும் அதுக்கும் நாத்தம் தெரியாதா எனக்கு? நீயே சொல்வேன்னு இத்தினி நாளா பாத்துக்கினு கீறேன்."

தானியேல் தலையைக் குனிந்துகொண்டான். தன் மனைவிக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. மூத்திரம் போனது மட்டுமில்லை, அதை மறைத்தவளைத் திட்டிவிட்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து வெள்ளரிக்காரி கை தவறிக் கொட்டிவிட்டாள் என்று கதை சொன்னதும் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் பாக்கியமேரி தினமும் விடியும் முன் எழுந்து கூழ் கரைத்துக் கொடுத்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரைக்கு நடந்தே போனான். செல்லாயி கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் போய் நின்று, தப்பு என்னுடையதுதான் அக்கா, என்னை மன்னித்துவிடு என்று ஏதோ சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை.

"மன்னிப்ப வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? எனக்கு எடம் வோணும். அந்த ஸ்டாண்டுல குந்தி வித்தாத்தான் எனக்குக் கஞ்சி. அத வாங்கிக் குடு."

தானியேல் முத்துகிருஷ்ணனிடம் போய்க் கேட்டான். பாவம், புருஷன் இல்லாத பொம்பளை, தெரியாமல் கை தவறிவிட்டது, விட்டுவிடுங்கள் சார் என்றான். தெரியாமல் ஒருதரம் ஊற்றியவள் இன்னொரு தரமும் ஊற்றுவாள், சீட்டு வீணானதற்கு முதலாளி என்னைத்தான் திட்டினார் என்றான் முத்துகிருஷ்ணன். அதில் தவறு சொல்ல முடியாது. அவள் வேண்டுமென்றே ஊற்றினாள், அதற்குக் காரணம் இது என்று சொன்னால்தான் அந்தக் கதவு திறக்கும். தானியேல் அதைச் சொல்லாமல் திரும்பி வந்தான். மறுநாளும் போனான், சொல்லாமல் வந்தான்.

மோட்டார் தொழிலாளிகளுக்கென்று அப்போது புதிதாகச் சட்டம் வந்திருந்தது. எட்டு மணி நேரம், நடுவில் ஓய்வு, வாரத்தில் ஒருநாள் லீவு என்றெல்லாம் அதில் இருப்பதாகப் பாண்டுரங்கன் படித்துச் சொல்வார். ஒருநாள் மத்தியானம் லேபர் இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வரப்போகிறார் என்று தெரிந்தது. முதலாளி முன்கூட்டியே எல்லோரையும் கூப்பிட்டு, என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டார். கம்பெனி நன்றாக இருந்தால்தான் நீங்களும் நன்றாக இருப்பீர்கள் என்றார். தானியேலைப் பார்த்து, உனக்கு ஆறு மாசம் முடியப் போகிறதல்லவா என்று மட்டும் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் இளைஞர், கண்ணாடி போட்டவர். ஷெட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து இளநீர் கொடுத்தார்கள். டிரைவர்களும் கண்டக்டர்களும் வரிசையாக நின்றார்கள். முதலாளி பக்கத்திலேயே நின்றார். இன்ஸ்பெக்டர் முதலில் பாண்டுரங்கனைக் கேட்டார். எட்டு மணி நேரம்தான் சார், ஓய்வெல்லாம் கொடுக்கிறார்கள், ஒரு குறையும் இல்லை என்றார் பாண்டுரங்கன். சொல்லும்போது அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர்களும் அதையே சொன்னார்கள். வரிசையில் கடைசி ஆள் தானியேல்.

உனக்கு எப்படி என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லத்தான் தானியேல் வாயைத் திறந்தான். அவன் தைரியசாலி இல்லை. ஆனால் எட்டு மணி நேரம் என்று சொல்லிவிட்டால், பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணை இரண்டாம் தடவையும் கழுதை என்று திட்டிய மாதிரி ஆகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியாமல் வந்தது.

"சார், கருட சேவை அன்னிக்கு நான் வண்டிலியே ஒண்ணுக்குப் போய்ட்டேன் சார். சீட்டுல குந்திக்கினே."

பின்னால் பச்சமுத்து களுக்கென்று சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"எறங்க நேரம் இல்ல சார். விடியக்காலம் ஏறுனா கடைசி வண்டி வரிக்கும் நான்தான். நின்னா சம்பளம் பூடும். அந்த வெள்ளரிக்காரம்மா கை தவறி ஊத்துல சார். பாத்துட்டு, எம் மானத்த மறைக்கத்தான் ஊத்துனா. நான் அவள பிச்சக்காரக் கயிதன்னு திட்டுனேன். அவள ஸ்டாண்டுலேர்ந்து தொரத்திட்டாங்க. நான் பாத்துக்கினு நின்னேன்."

அவன் காது இரண்டும் நெருப்பாக எரிந்தன. முதலாளி, இவன் புதுசு சார், தலைக்குச் சரியில்லாதவன் என்று ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தப் பெண் விஷயத்தில் என்னால் ஒன்றும் செய்ய முடியாதப்பா, அது என் வேலையில் வராது என்று தானியேலிடம் சொன்னார். சொல்லிவிட்டு, பாண்டுரங்கனை மறுபடி கூப்பிட்டு, இவன் சொல்வது உண்மையா என்று கேட்டார். பாண்டுரங்கன் செருப்பிலிருந்து கண்ணை எடுத்து முதலாளியைப் பார்த்தார்.

"நெசந்தான் சார்" என்றார். "நாங்க எல்லாருமே தண்ணி குடிக்காமத்தான் ஓட்டிக்கினு கீறோம்."

பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். முத்துகிருஷ்ணனை யாரும் கேட்கவில்லை. அவன் ஷெட்டின் வாசலில் நின்று, வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நாளில், இரண்டு ஊர் ஸ்டாண்டிலும் வண்டி பத்து நிமிஷம் நின்றுதான் கிளம்ப வேண்டும் என்றும், விடியற்காலை வண்டி எடுத்தவன் மத்தியானத்துக்குப் பிறகு ஓட்டக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. பாதிச் சம்பளத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஸ்டாண்டில் ஒரு பெயர் வைத்தார்கள். தானியேல் டைம். கண்டக்டர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், பிரயாணிகளும் பழகிக்கொண்டார்கள். இன்னும் கிளம்பலியா என்று யாராவது கேட்டால், தானியேல் டைம் முடியட்டும் என்பார்கள். அவன் காதுபடவே சொன்னார்கள். சாமுவேல் டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். நிலத்துக்காரர் வீட்டில் யாரோ அவரிடம், உன் பிள்ளைக்குத் துணி கட்டிவிட்டு அனுப்பு என்றார்களாம். எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தால் இருவருமே தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்லாயியை முத்துகிருஷ்ணனே திரும்பக் கூப்பிட்டான். முதலாளியிடம் கேட்டானோ கேட்காமலோ, ஒருநாள் ஏரிக்கரைக்குச் சைக்கிளில் போய், நாளையிலிருந்து ஸ்டாண்டுக்கு வா என்று சொல்லிவிட்டு, இறங்காமலே திரும்பினானாம். அவள் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். வண்டி பத்து நிமிஷம் நின்றதால் வியாபாரம் முன்பைவிட நன்றாகவே நடந்தது. தானியேல் அவளிடம் போனான்.

"ஊருக்கே சொல்லிட்டியாமே" என்றாள். "நானு மறைச்சத நீயே தெறந்து உட்டுட்ட."

அவன் ஆமாம் என்று தலையசைத்தான். இரண்டு பிஞ்சு எடுத்து, தண்ணீர் தெளித்து, அவனிடம் கொடுத்தாள். காசுக்குக் கை நீட்டினாள். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆறு மாசம் முடிந்த அன்று முதலாளி அவனைக் கூப்பிட்டு, உனக்கு இங்கே இடமில்லை என்றார். தானியேல் எதிர்பார்த்ததுதான். பாண்டுரங்கன் பஸ் ஸ்டாண்ட் வரை கூட வந்தார். மெட்ராஸில் சர்க்கார் டவுன் பஸ்ஸுக்குப் புது டிரைவர்கள் எடுக்கிறார்கள், அங்கே தன்னுடைய மச்சான் இருக்கிறார், போய்ப் பார் என்றார். அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மெட்ராஸில் அவனை எடுத்துக்கொண்டார்கள். தினக்கூலிதான், அங்கேயும் புதுசுக்குச் சம்பளம் குறைவுதான். பெரம்பூர் பக்கத்தில் அம்முலு என்ற அம்மாள் வீட்டில் ஒரு ரூம் எடுத்தான். பாக்கியமேரி அறுவடை முடிந்து வருவதாக இருந்தாள்.

முதல் நாள் அவனுக்குக் காலை ஷிப்ட் போட்டார்கள். சந்து பொந்தெல்லாம் புகுந்து, ரிக்ஷாவுக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவில் ஓட்டி, மத்தியானம் டிப்போவுக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அடுத்த டிரிப்புக்காக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கதவருகே வேறொரு டிரைவர் டிபன் பாக்ஸோடு வந்து நின்றார். தானியேல் அவரைப் பார்த்தான். எதற்காக நிற்கிறார் என்று புரியவில்லை.

"எறங்குப்பா" என்றார் அவர். "உன் நேரம் முடிஞ்சிட்ச்சி."

இறங்கினான். அந்த ஆள் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெயில் உச்சியிலிருந்து சாயவே இல்லை. டிப்போ வாசலில் தானியேல் நின்றுகொண்டிருந்தான். ஏதோ வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தவன்போல் கூச்சமாக இருந்தது. எல்லோரும் வேலை செய்கிற நேரத்தில் வெறும் கையோடு ரோட்டில் நடக்கிற தன்னைப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? வீட்டுத் தெரு வரை போனவன், வாசலில் அம்முலு அம்மாள் உட்கார்ந்து அரிசி புடைப்பதைப் பார்த்துவிட்டு, தெருமுனையிலேயே திரும்பிவிட்டான். ரயில்வே லைன் ஓரமாக நடந்தான். ஒரு மரத்தடியில் உட்கார்ந்தான். எழுந்து மறுபடி நடந்தான். பொழுது சாய்ந்த பிறகுதான் வீட்டுக்குப் போனான்.

கொஞ்ச நாள் அப்படியே செய்துகொண்டிருந்தான். ஒருநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தான். அம்முலு அம்மாள் கதவைத் திறந்தவள், அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாப்பா, இந்நேரத்துக்கு வந்துட்ட? வேல பூட்ச்சா?"

"இல்லம்மா" என்றான் தானியேல். அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. "என் நேரம் முடிஞ்சிட்ச்சி."

அவள் தலை துவட்ட ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.